அட்வான்ஸ் வாங்குவதற்கு முன் கேளுங்கள்: ஆலோசனை கேட்கும் தாழ்மைக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் கோயில் வாசலில் சபைப் போதகரான ஐயரைச் சுற்றி நிற்கிறவர்கள் பேசுவதைக் கொஞ்சம் காது கொடுத்துக் கேட்டுப் பாருங்கள். "ஐயா, நிலத்துக்கு அட்வான்ஸ் வாங்கிட்டோம், ஜெபம் பண்ணிக்குங்க." "பொண்ணுக்கு நிச்சயம் முடிஞ்சிடுச்சுங்க ஐயா." "பையனுக்கு சிங்கப்பூர் ஏஜென்ட்கிட்ட பணம் கட்டியாச்சு, ஆசீர்வதிச்சு அனுப்புங்க." எல்லாமே முடிந்த காரியம். தஞ்சாவூரிலிருந்து நாகப்பட்டினம் வரை லுத்தரன் சபைக்குப் போனாலும் சரி, பூண்டி மாதா கோயிலுக்குப் போனாலும் சரி, பெந்தெகொஸ்தே கூடுகைக்குப் போனாலும் சரி, பேச்சு இப்படித்தான் இருக்கும். ஜெபம் கேட்க வருகிறவர்கள் ஏராளம். யோசனை கேட்க வருகிறவர்கள் ரொம்பக் குறைவு.

இவர்கள் பெருமைக்காரர்கள் என்று சொல்ல வரவில்லை. "நான் ஒன்றுமில்லாதவன் ஆண்டவரே" என்று மனதார ஜெபிக்கிறவர்கள்தான். ஆனால் ஆண்டவர் முன்னால் தாழ்மையாக இருப்பது சுலபம், அவர் எதிர்த்துப் பேசப் போவதில்லை. நாம் கேட்டிராத ஒருவர், நமக்குப் பிடிக்காத ஒன்றை, நம் முகத்துக்கு நேரே சொல்லும்போது என்ன ஆகிறது? என் கணக்கில் தாழ்மையைச் சோதிக்க அதைவிட நல்ல இடம் கிடையாது. அந்த இடத்துக்கு நம்மை நாமே கொண்டுபோய் நிறுத்துவது எப்படி என்பதைத்தான் கீழே படிப்படியாகச் சொல்லியிருக்கிறேன்.

பேசுவதற்கு வசதியாக ஒரு குடும்பத்தை வைத்துக்கொள்வோம். திருவாரூர் பக்கம் ஆறு மா நிலம் உள்ள குடும்பம். அதில் மூன்று மாவை, அதாவது ஏறக்குறைய ஒரு ஏக்கரை, விற்று மகனை வெளிநாட்டு வேலைக்கு அனுப்பலாமா என்று அப்பா யோசிக்கிறார்.

1. கேட்கும் நேரம்

அட்வான்ஸ் வாங்குவதற்கு முன்னால் கேட்க வேண்டும். சொன்னால் சிரிப்பீர்கள், ஆனால் பெரும்பாலானோர் தவறுவது இங்கேதான். கை நீட்டிப் பணம் வாங்கிய பிறகு கேட்பது யோசனை ஆகாது, ஆறுதல் தேடுவது. எதிரே இருப்பவருக்கும் அது தெரியும். அதனால் "நல்லதுதான் தம்பி, கர்த்தர் பார்த்துப்பார்" என்று சொல்லிவிடுவார்.

முன்னாலேயே கேட்டுவிட்டால் மட்டும் போதும் என்றும் இல்லை. ரெகொபெயாம் ராஜாவின் கதையை 1 இராஜாக்கள் 12ல் படித்திருப்பீர்கள். "உம்முடைய தகப்பன் வைத்த நுகத்தை இலகுவாக்கும்" என்று ஜனங்கள் கேட்டபோது, மூன்று நாள் தவணை சொல்லி அனுப்பினான். அதுவரை ஒரு குறையும் சொல்ல முடியாது. முதியோரைக் கூப்பிட்டுக் கேட்டான், அவர்கள் ஜனங்களுக்கு இணங்கிப் போகச் சொன்னார்கள். அதைத் தள்ளிவிட்டுத் தன்னோடு வளர்ந்த வாலிபரிடம் போனான். "என் சுண்டுவிரல் என் தகப்பனின் இடுப்பைவிடப் பருமன் என்று சொல்லும்" என்று அவர்கள் ஏற்றிவிட்டார்கள். முடிவில் பத்துக் கோத்திரம் கையைவிட்டுப் போயிற்று. இரண்டு தரப்பிலும் கேட்டவன்தான் அவன். பிடித்த பதில் கிடைக்கும்வரை கேட்டுக்கொண்டே போனதுதான் கோளாறு.

இதற்கு எளிய பரிகாரம் உண்டு. யாரிடமும் போவதற்கு முன், ஒரு தாளில் இரண்டு வரி எழுதுங்கள்: என் மனது எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது? என்ன தெரிந்தால் நான் மாற்றிக்கொள்வேன்? இரண்டாவது வரியில் எழுத எதுவும் இல்லையென்றால் நீங்கள் ஏற்கெனவே முடிவெடுத்துவிட்டீர்கள். அப்போது யாருடைய நேரத்தையும் வீணாக்காமல் நேராக ஜெபமே கேட்டுவிடலாம், அதில் ஒன்றும் தப்பில்லை.

2. கணக்கை முழுதாக வையுங்கள்

"நிலத்தை வித்துப் பையனை அனுப்பலாமா?" என்று கேட்டால் "பார்த்துச் செய்ங்க" என்றுதான் பதில் வரும். கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடன் எவ்வளவு பாக்கி, நகை எந்த வங்கியில் இருக்கிறது, வெளியில் வட்டிக்கு வாங்கியது எவ்வளவு, ஏஜென்ட் கேட்பது எவ்வளவு, ரசீது தருகிறாரா, வேலை என்ன, ஒப்பந்தம் கையில் இருக்கிறதா என்று எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். வட்டிக்கு வாங்கியதை மட்டும் விட்டுவிட்டு மீதியைச் சொல்கிற பழக்கம் நம்மிடம் உண்டு. வெட்கம்தான் காரணம். ஆனால் அந்த ஒரு வரி விடுபட்டால், எப்பேர்ப்பட்ட ஞானி சொல்லும் யோசனையும் வேறு யாருடைய வாழ்க்கைக்கோ சொன்ன யோசனையாகிவிடும். தன் வழக்கில் முதலில் பேசுகிறவன் நீதிமான்போலத் தெரிவான் என்று நீதிமொழிகள் 18:17 சொல்கிறது. நம் கதையை நாம் சொல்லும்போதும் அதுதான் நடக்கிறது. மனைவியையோ மகனையோ பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு சொல்லுங்கள். நீங்கள் விட்டதை அவர்கள் எடுத்துக் கொடுப்பார்கள்.

3. யாரிடம் கேட்பது

டெல்டாவில் ஆற்றில் தண்ணீர் வந்ததா என்று தெரிய வேண்டுமானால் கடைமடைக்காரரைக் கேட்க வேண்டும். மேட்டூரில் ஜூன் 12ல் திறந்தார்களா, கல்லணையில் எப்போது திறந்தார்கள் என்பதெல்லாம் பேப்பரில் வந்துவிடும். வாய்க்காலின் கடைசி வயலில் ஈரம் இருக்கிறதா என்பது அங்கே நிற்கிறவருக்குத்தான் தெரியும். குடும்ப முடிவுகளிலும் ஒரு கடைமடை இருக்கிறது. நம் உதாரணத்தில் அது மகன்தான். போய் உழைக்கப்போகிறவனைத் தனியாக உட்கார வைத்து, "உனக்கு விருப்பமா தம்பி, பயமா இருக்கா?" என்று எத்தனை அப்பாக்கள் கேட்கிறார்கள்? அடுத்தது, நகையைக் கழற்றிக் கொடுத்த அம்மா.

அப்புறம் விஷயம் தெரிந்தவர். ஐயருக்கு வேதம் தெரியும், விசா தெரிய வேண்டிய அவசியமில்லை. வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கிற ஏஜென்ட், 1983ம் ஆண்டு குடிபெயர்வுச் சட்டப்படி மத்திய அரசிடம் பதிவு செய்திருக்க வேண்டும். வெளியுறவுத் துறையின் இ-மைகிரேட் தளத்தில் பெயரைப் போட்டுப் பார்த்துவிடலாம். இதை நன்றாகச் சொல்லக்கூடியவர் ஏற்கெனவே போய்த் திரும்பியவர். அவர் நாகூர்க்காரராக, மசூதிக்குப் போகிறவராக இருந்தால் என்ன? யாத்திராகமம் 18ல் மோசேக்கு யோசனை சொன்ன எத்திரோ மீதியானின் ஆசாரியன், இஸ்ரவேலன் இல்லை. காலையிலிருந்து சாயங்காலம்வரை தனியாக உட்கார்ந்து நியாயம் விசாரித்துக்கொண்டிருந்த மருமகனைப் பார்த்து, நீர் செய்கிற காரியம் நல்லதல்ல என்று நேராகவே சொன்னார். சமுத்திரத்தைக் கடந்து வந்த, தேவனோடு பேசுகிற மனிதர் மாமனார் சொன்னபடியெல்லாம் செய்தார் என்று வேதம் எழுதுகிறது. பூமியிலேயே மிகுந்த சாந்தகுணமுள்ளவர் என்று எண்ணாகமம் அவரைச் சொல்வதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

மூன்றாவது வகை, உங்கள் குணம் தெரிந்தவர். அவசரப்படுகிறவரா, கடன் கேட்டவனுக்கு மறுக்கத் தெரியாதவரா என்பதை அறிந்த அத்தையோ பழைய சிநேகிதரோ வாத்தியாரோ.

இந்த மூன்று வகையும் கிடைத்த பிறகு, ஒரு கடினமான கேள்வி மிச்சமிருக்கிறது. யார் சொன்னால் என் காது தானாக மூடிக்கொள்கிறது? நாகமானை நினைத்துப் பாருங்கள். சீரியா ராஜாவின் படைத்தலைவன், குஷ்டரோகி. அவனுக்கு வழி காட்டியது வீட்டில் வேலை செய்த, சிறைபிடித்துக் கொண்டுவரப்பட்ட சிறு பெண். எலிசா வெளியே வந்துகூடப் பார்க்காமல், யோர்தானில் ஏழுதரம் ஸ்நானம் பண்ணச் சொல்லி ஆள் அனுப்பியபோது, எங்கள் தமஸ்குவின் ஆறுகள் இதைவிட நல்லவை அல்லவா என்று கோபித்துத் திரும்பினான். (எங்கள் ஊர் ஆறு என்ற பெருமை காவிரிக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.) அவனை மறுபடியும் யோர்தானுக்குத் திருப்பியவர்கள் வேலைக்காரர்கள். அந்தக் கதையில் சரியான யோசனை ஒவ்வொன்றும் கீழே இருந்துதான் மேலே வருகிறது.

நம் பக்கத்தில் இதற்குச் சாதி என்று பெயர். 1833ல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன் சபைக்குள் சாதி வித்தியாசம் கூடாது என்று உத்தரவிட்டபோது, தஞ்சாவூர்ப் பக்கம் எழுந்த எதிர்ப்பில் பலர் சபையைவிட்டே விலகிப் போனார்கள். ஒரே பாத்திரத்தில் இராப்போஜனம் எடுப்பதும் கலந்து உட்காருவதும் அன்றைய சண்டை. இன்று ஒரே பெஞ்சில்தான் உட்காருகிறோம். ஆனால் நடவுக்கு வரும் அக்காவிடம் நிலத்தைப் பற்றி யோசனை கேட்கிறோமா? கேட்டுப் பார்த்தால் என்ன கிடைக்கும் என்பதை அடுத்த படியில் பார்க்கலாம்.

அதற்கு முன் தரங்கம்பாடி. 1706 ஜூலை 9ல் அங்கே வந்து இறங்கிய ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு, தமிழ் கற்க என்ன செய்தார்? திண்ணைப் பள்ளி வாத்தியார் ஒருவரை வரவழைத்து, சின்னப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் எழுத்து எழுதிப் பழகினார். போதிக்க வந்தவர் முதலில் மாணவராக உட்கார்ந்தார். 1715ல் தமிழில் புதிய ஏற்பாடு அச்சாகி வெளிவந்ததற்கு அந்த மணலும் ஒரு காரணம்.

4. உட்கார்ந்து கேட்பது

சரி, நம் அப்பா நடவு அக்காவிடம் போகிறார். பல வருஷமாக அந்த வயலில் நட்டவர்.

"அக்கா, வடக்கால இருக்கற மூணு மாவைக் கொடுத்துடலாம்னு இருக்கேன். நீங்க என்ன நினைக்கிறீங்க?"

"என்னைக் கேக்கறீங்களே தம்பி."

"உங்களுக்குத்தான் அந்த மண்ணு தெரியும்."

"வாய்க்கா வடக்காலதானே இருக்கு. அதைக் கொடுத்துட்டா மடை அவுங்க கைக்குப் போயிடும். தெக்கால மூணு மாவுக்குத் தண்ணி எப்படி வரும்?"

இந்த நொடியில் வாய் துறுதுறுக்கும். "அதெல்லாம் பத்திரத்துல எழுதிக்கலாம்" என்று சொல்லத் தோன்றும். சொன்னால் பேச்சு அங்கேயே முடிந்தது, அந்த அக்கா இனி வாய் திறக்க மாட்டார். காரியத்தைக் கேட்குமுன் உத்தரம் சொல்லுகிறவனுக்கு அது புத்தியீனமும் வெட்கமும் என்று நீதிமொழிகள் 18:13 சொல்வது இதைத்தான். அதற்குப் பதிலாக அவர் சொன்னதையே திருப்பிச் சொல்லுங்கள்: "அப்படின்னா வடக்கால வித்தா தெக்கால காயும்னு சொல்றீங்க." பிறகு ஒரே ஒரு கேள்வி: "நான் பார்க்காம விட்டது இன்னும் ஏதாவது இருக்கா?" அதற்கப்புறம் பேசாமல் இருங்கள். சங்கடமாக இருக்கும்வரை பேசாமல் இருங்கள். முக்கியமானது பெரும்பாலும் அந்த இடைவெளிக்குப் பிறகுதான் வரும். வாங்குகிற ஆள் ஏற்கெனவே அடுத்த வயல்காரரிடம் மடைத் தகராறு பண்ணியவர் என்பது போன்ற செய்தியெல்லாம் அப்போதுதான் வெளியே வரும்.

போனை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். கேட்டதை அன்று ராத்திரியே, அவர்கள் சொன்ன வார்த்தையிலேயே, எழுதி வையுங்கள். ஒரு வாரம் கழித்து எழுதினால் நமக்குச் சாதகமாக மாறியிருக்கும்.

5. குத்தும்போது

சில யோசனை காரியத்தைப் பற்றி இருக்காது, நம்மைப் பற்றி இருக்கும். "நீங்க பையனுக்காக அனுப்பலை அண்ணே, பக்கத்து வீட்டுக்காரன் மாடி கட்டிட்டான்னு அனுப்பறீங்க." முகம் சுண்டிப்போகும்.

1 சாமுவேல் 25ல் தாவீது நானூறு பேரோடு பட்டயத்தைக் கட்டிக்கொண்டு, தன்னை அவமானப்படுத்திய நாபால் என்ற மனிதனின் குடும்பத்தையே அழிக்கப் புறப்பட்டான். வழியில் குறுக்கே வந்தவள் அந்த நாபாலின் மனைவி அபிகாயில். அப்பமும் திராட்சரசமும் கொண்டுவந்து, விழுந்து வணங்கி, இந்த இரத்தப்பழி பின்னாளில் உமக்கு மன இடறலாக இருக்கக்கூடாது என்றாள். தாவீது நின்றான். அவளையும் அவள் யோசனையையும் வாழ்த்திவிட்டுத் திரும்பினான். ஆயுதம் கட்டிய பிறகு, ஆட்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போது, எதிரியின் வீட்டுப் பெண் சொன்னதைக் கேட்டுத் திரும்புவது சாதாரணமில்லை.

நமக்கு அவ்வளவு பக்குவம் உடனே வராது. அதனால் ஒரு சின்ன ஒழுங்கு: குத்தியவரிடம் அன்று "யோசிக்கிறேன் அண்ணே" என்பதைத் தவிர வேறு எதுவும் சொல்லாதீர்கள். அவர் எந்தக் குறையோடு சொன்னார், அவர் வீட்டில் மட்டும் என்ன வாழ்கிறது என்ற ஆராய்ச்சி வேண்டாம். சொன்னவர் யோக்கியரா என்பது ஒரு கேள்வி, சொன்னது உண்மையா என்பது வேறு கேள்வி. முக்கியமாக, அன்று ராத்திரி வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் "என் சத்துருக்களுக்கு முன்பாக" வசனத்தைப் போடாதீர்கள். யாருக்குப் போட்டது என்று சபை முழுக்கத் தெரியும்.

6. சோதித்துப் பாருங்கள்

இந்தப் படியைப் பெரும்பாலான பிரசங்கங்கள் தாண்டிப் போய்விடுகின்றன. தாழ்மை என்றால் எல்லாருக்கும் தலையாட்டுவது என்று ஆகிவிட்டால், அதிகம் சத்தம் போடுகிறவர் கையில் சிக்கிக்கொள்வோம்.

1 இராஜாக்கள் 13ல் பயங்கரமான ஒரு கதை உண்டு. அப்பம் புசிக்காமல், வந்த வழியே திரும்பாமல் போ என்று கட்டளை பெற்ற தேவனுடைய மனிதனை ஒரு கிழட்டுத் தீர்க்கதரிசி வழிமறித்து, தேவதூதன் தன்னிடம் வேறு மாதிரி சொன்னான் என்று பொய் சொல்லி வீட்டுக்கு அழைத்துப் போனான். நம்பிப் போனவனைத் திரும்பும் வழியில் சிங்கம் கொன்றது. முதியவர், தீர்க்கதரிசி, தூதன் பெயரைச் சொல்கிறார். மரியாதைக்குரிய அத்தனை அடையாளமும் இருந்தும் யோசனை பொய். "கர்த்தர் எனக்குக் காண்பித்தார்" என்று ஆரம்பிக்கும் யோசனையை மற்ற யோசனைகளைவிட ஒரு மடங்கு கூடுதலாகச் சோதிக்க வேண்டும் என்பது என் கருத்து. பவுல் சொன்னதையே வேதவாக்கியத்தோடு ஒத்துப்பார்த்த பெரோயா பட்டணத்தாரை அப்போஸ்தலர் 17 நற்குணசாலிகள் என்றுதான் சொல்கிறது.

எண்ணிக்கையையும் நம்பி ஏமாறாதீர்கள். ஆகாப் ராஜாவிடம் நானூறு தீர்க்கதரிசிகள் யுத்தத்துக்குப் போகலாம் என்றார்கள், மிகாயா ஒருவன்தான் மாற்றிச் சொன்னான்.

யோசனை சொல்கிறவர் "வேறு யாரிடமும் கேட்காதே" என்றால் எழுந்து வந்துவிடுங்கள். இன்றைக்கே முடிவு சொல்லு என்று நெருக்கினாலும், யோசனையின் கடைசியில் காணிக்கையோ கமிஷனோ வந்து நின்றாலும் அப்படியே. சர்க்கரை மாத்திரையையோ காசநோய் மாத்திரையையோ விசுவாசத்தின் பெயரில் நிறுத்தச் சொல்கிறவர் எவ்வளவு பெரிய ஊழியராக இருந்தாலும் அதைக் கேட்கக்கூடாது. ஜெபமும் செய்யுங்கள், மாத்திரையும் போடுங்கள்.

இன்னொன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். அடிக்கிற புருஷனுக்குப் பொறுத்துப் போ, அதுதான் தாழ்மை என்று பெண்களுக்குச் சொல்லப்படுகிற யோசனை எந்த ஆலயத்தில் சொல்லப்பட்டாலும் தவறானது. அந்த நிலையில் இருக்கிறவர் 181 என்ற மகளிர் உதவி எண்ணைக் கூப்பிடலாம். குழந்தைகளுக்கு ஆபத்து என்றால் 1098. வேதம் சொல்லும் தாழ்மை ஒருவர் தானாக எடுத்துக்கொள்வது. அடுத்தவர் தலையை அமுக்கிப் பிடிப்பதற்கு அந்தப் பெயர் கிடையாது.

7. முடிவு உங்களுடையது

எல்லாரையும் கேட்டாயிற்று. எழுதி வைத்ததை ஒரு தடவை ஜெபத்தோடு படியுங்கள். ஒருவரை ஒருவர் அறியாத இரண்டு பேர் ஒரே விஷயத்தைச் சொல்லியிருந்தால் அங்கே நில்லுங்கள். நம் குடும்பத்தில் நடவு அக்காவும், வெளிநாடு போய்த் திரும்பியவரும் சொன்னதைச் சேர்த்துப் பார்த்தால் வழி ஒன்று தெரிகிறது. ஏஜென்டின் பதிவையும் வேலை ஒப்பந்தத்தையும் பார்க்கும்வரை பணம் கிடையாது. விற்றே ஆக வேண்டுமானால் தெற்குப் பக்கம் விற்கலாம். அப்போது வாங்குகிறவருக்குத் தண்ணீர் போகும் வழியை நாம் விட வேண்டியிருக்கும், அதைப் பத்திரத்தில் தெளிவாக எழுதிவிட வேண்டும். மகன் தயங்கினால் ஒரு வருஷம் தள்ளிப்போடலாம், குடி மூழ்கிவிடாது.

கேட்டதற்காகவே சொன்னபடி செய்ய வேண்டும் என்பதில்லை. அப்போஸ்தலர் 21ல் எருசலேமுக்குப் போக வேண்டாம் என்று சிநேகிதர் அழுது மன்றாடினார்கள். பவுல் கேட்டார், மனம் உடைகிறது என்றார், ஆனாலும் போனார். அவர்களும் கர்த்தருடைய சித்தம் ஆகட்டும் என்று அமர்ந்தார்கள். நம்மில் பலர் பவுலைப்போலப் போய்விடுகிறோம், அவரைப்போலக் கேட்பதில்லை.

சபைக் கமிட்டிக்கு ஒரு வார்த்தை

குடும்பத்துக்குச் சொன்னது கமிட்டிக்கும் பொருந்தும், கூடவே ஒரே ஒரு மாற்றம் செய்து பாருங்கள்: வயதில் சின்னவர் முதலில் பேசட்டும். பெனடிக்டின் துறவற ஒழுங்கில், 6ம் நூற்றாண்டிலேயே, முக்கியமான காரியம் வந்தால் மடத்தின் தலைவர் எல்லாரையும் கூப்பிட்டுக் கேட்க வேண்டும், நல்லதை ஆண்டவர் பல சமயம் இளையவருக்கே வெளிப்படுத்துகிறார் என்று எழுதியிருக்கிறது. செயலாளர் பேசி, பொருளாளர் ஆமோதித்த பிறகு, கடைசி நாற்காலியில் இருக்கும் வாலிபர் சங்கத்துப் பையன் என்னத்தைச் சொல்வான்?

8. திரும்பப் போய்ச் சொல்லுங்கள்

யோசனை சொன்ன ஒவ்வொருவரிடமும் போய், என்ன முடிவு, ஏன் என்று உங்கள் வாயால் சொல்லுங்கள். அவர்கள் சொன்னதை ஏற்காத இடத்தில் இது இன்னும் அவசியம். "நீங்க சொன்னதை யோசிச்சோம் அத்தை, இந்தக் காரணத்தால இப்படிப் போறோம்" என்றால் போதும். ஊரார் வாயால் தெரிந்துகொண்டால் அடுத்த முறை அத்தையிடம் உண்மை கிடைக்காது.

சொல்கிற இடத்தில் இருப்பவருக்கும் ஒரு பாடம் உண்டு. தாவீதின் ஆலோசகனாக இருந்த அகித்தோப்பேலின் ஆலோசனை தேவனுடைய வாக்கைப்போல எண்ணப்பட்டது. ஒரு தடவை தாவீதின் மகன் அப்சலோம் அதை ஏற்கவில்லை, அகித்தோப்பேல் வீட்டுக்குப் போய் நான்றுகொண்டு செத்தான். அவ்வளவு தூரம் போகாவிட்டாலும், தன் யோசனை எடுபடவில்லை என்று இரண்டு வருஷம் பேசாமல் இருக்கிற பெரியப்பாக்கள் எல்லாக் குடும்பத்திலும் உண்டு.

யோசனையை மீறிப் போய்க் காரியம் கெட்டுவிட்டால்? பையன் ஆறு மாதத்தில் திரும்பி வந்துவிட்டான், கடன் நிற்கிறது. தெருவில் அந்தப் பெரியவரைப் பார்த்தால் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போகத்தான் தோன்றும். அந்த வாரமே அவர் வீட்டுக்குப் போங்கள். "நான் அப்பவே சொன்னேனே" என்பார். சொல்லட்டும், அதற்கு உரிமை உள்ளவர். சொல்லி முடித்ததும் கடன் கணக்கு நோட்டை அவர் முன்னால் பிரித்து, எதை முதலில் அடைப்பது என்று கேளுங்கள். இந்த முறை வட்டிக்கு வாங்கியதையும் சேர்த்து எழுதியிருக்க வேண்டும்.